எங்கள் கைக்கு மட்டும் கிளம்பும் வண்டி

சிரித்துவிட்டீர்கள், இல்லையா சார்? நான் பார்த்தேன். பரவாயில்லை, நன்றாகச் சிரியுங்கள். வண்டியைக் கிளப்பும்போது டேஷ்போர்டில் இருக்கிற பிள்ளையார் தலையில் கையை வைத்து அழுத்துகிறானே, படித்த பையன் மாதிரி இருக்கிறான், இவனுக்கு இவ்வளவு பக்தியா என்று நினைத்திருப்பீர்கள். பக்தி உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கைக்கு ஒரு கதை இருக்கிறது.

முதலில் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டென்று மாட்டாது, இரண்டு தட்டுத் தட்டினால் மாட்டும். கண்ணாடியை இறக்கவேண்டுமா? பொத்தானை அழுத்திப் பிரயோஜனம் இல்லை சார், உள்ளங்கையை வைத்துக் கீழே தள்ளுங்கள். அப்படித்தான். கீரனூரில் பஸ்ஸை விட்டுவிட்டு வெயிலில் நின்றீர்கள், பார்க்கப் பாவமாக இருந்தது. திருச்சியில் இறக்கிவிடுகிறேன். அதுவரை கேளுங்கள்.

என் பெயர் செழியன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் அதிகமாகச் சிரிப்பீர்கள்.

அப்பா பெயர் அடைக்கலம். புதுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளை டீசல் கார். அதை ஓட்டித்தான் என்னைப் படிக்கவைத்தார். வாடகை ஓட்டுவதை விட்ட பிறகு அது வீட்டு வண்டியாகிவிட்டது. அந்த வண்டியில் ஒரு சட்டம் உண்டு. இடது கை பிள்ளையார் தலையில், வலது கை சாவியில். சாமி தலையில் கை வைக்காமல் சாவியைத் திருப்பக்கூடாது. நான் ஓட்டப் பழகிய முதல் நாள் மறந்துபோய்ச் சாவியைத் திருப்பினேன். வண்டி மூச்சே விடவில்லை. முதுகில் ஒன்று விழுந்தது. “பாத்தியா, சாமி கோவிச்சுக்கிட்டார்” என்றார் அப்பா. கையை வைத்துத் திருப்பினேன், கிளம்பியது. அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை சார். நல்ல பழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. சோலார் தகடு பொருத்தும் கம்பெனி. தினமும் போகவேண்டும், வரவேண்டும். எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம். லாரி ஹாரன் அடித்தால் ரோட்டை விட்டே இறங்கிவிடுவேன். ஏர்பேக் இல்லாத வண்டியில் இத்தனை தூரம் போவதா என்று ஒரு நாள் அப்பாவிடம் சொன்னேன். இதைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் புதிதாக, ஏர்பேக் உள்ள செகண்ட் ஹேண்ட் வண்டி ஒன்றை எக்ஸ்சேஞ்சில் எடுப்போம்பா.

சண்டை வரும் என்று நினைத்தேன். அப்பா டவுன் கடைத்தெருவில் செருப்பு மாற்றுவதற்கே மூன்று நாள் சண்டை போடுகிற ஆள். ஆனால் அன்றைக்கு வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, “உன் இஷ்டம்ப்பா” என்றார். அவ்வளவுதான். படித்த பிள்ளை சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நைனா முகமது பாயின் கார் ஷெட் தெரியுமா உங்களுக்கு? புதுக்கோட்டையை விட்டு வெளியே வரும்போது இடது கைப்பக்கம், கொடி கட்டி வரிசையாக வண்டி நிற்கும். அங்கேதான் போனோம். ஒரு சாம்பல் நிறக் கார் பிடித்திருந்தது. இரண்டு ஏர்பேக். பாய் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னங்க தம்பி, வண்டி எப்படி?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக்கூடாது சார். என்னால் மறைக்க முடியாது. இன்டர்வியூவில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்கள், நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு டீ வந்துவிட்டது. பாயிடமும் சொன்னேன். இடது பக்கக் கண்ணாடியைக் கையால்தான் தள்ளவேண்டும். பெல்ட்டைத் தட்டி மாட்டவேண்டும். இடது பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும், எதிரில் வருகிறவர்கள் திட்டுவார்கள், கண்டுகொள்ளக்கூடாது. பின் சீட்டில் தெரிகிற கறை, கொடைக்கானல் போய் வந்தபோது மாமா வாந்தி எடுத்தது, மூன்று தடவை கழுவினோம். அப்பா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு தன் மெக்கானிக் ஸ்டீபனைக் கூப்பிட்டார். “டேய், இங்க வா. முப்பது வருஷத்துல விக்க வந்த ஆளு வாயால குத்தம் சொல்லி நான் கேட்டதில்லடா. பாத்துக்க, இதாண்டா படிச்ச புள்ள!” என் பக்கம் திரும்பி, “ஸ்டார்ட்டிங் எப்படி தம்பி?” என்றார்.

“அதுல மட்டும் குறையே இல்ல பாய். ஒரே திருப்பு.”

உட்கார்ந்து கிளப்பிக் காட்டினேன். ஸ்டீபன் அப்படியே ஏறி ஒரு ரவுண்டு ஓட்டிக்கொண்டு வந்தார். “சும்மா பூ மாதிரி இருக்கு பாய்” என்றார். முடிந்தது. பாய் இன்னொரு ஏற்பாடும் சொன்னார். “ஒரு வாரம் நீங்க இதை ஓட்டிப் பாருங்க, நாங்க அதை ஓட்டிப் பாக்குறோம். யாருக்காவது மனசுக்கு ஒப்பலேன்னா வண்டிய மாத்திக்குவோம். அப்புறம்தான் பேரு மாத்துறது.” நியாயமான மனிதர் சார்.

கிளம்பும்போது பாய்தான் ஞாபகப்படுத்தினார். “அண்ணே, உங்க சாமிய எடுத்துக்கலையா? நாங்க கை வைக்கக் கூடாது.”

அப்பா பிள்ளையாரைப் பார்த்தார். “இருக்கட்டும் பாய். அவரு வரவேண்டிய நேரத்துல வருவாரு” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலையில் போன்.

“தம்பி, வண்டி கிளம்பலையே!”

ஓடினேன். ஸ்டீபன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். பேட்டரி மாற்றியாயிற்றாம். நான் உட்கார்ந்தேன், பிள்ளையாரைத் தொட்டேன், திருப்பினேன். உறுமிக்கொண்டு கிளம்பியது. ஸ்டீபன் என்னைப் பார்த்தார். பாய் ஸ்டீபனைப் பார்த்தார். “காலையிலேர்ந்து என்னத்தடா பண்ணிக்கிட்டு இருந்தே?” என்று அவருக்குத்தான் திட்டு விழுந்தது. பாவம்.

நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் போன். நிறுத்திவிட்டார்களாம். கிளம்பவில்லையாம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அப்பா வாசலில் நின்று, “என்னா, கிளம்பலையாமா?” என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லியிருக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பெற்றவர்களுக்கு அப்படி ஒரு சக்தி இருக்கிறது சார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே தலை சுற்றும். அவர்கள் திருப்புவார்கள், கிளம்பாது. நான் வருவேன், கிளம்பும். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள், கிளம்பாது. நான் வருவேன், கிளம்பும். நான் எப்போது வருவேன் என்று பக்கத்து டயர் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். எதிரே இருக்கிற டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாசோடு வந்தார்கள். நான் பைக்கில் வந்து இறங்கினாலே, “வந்துட்டாருய்யா, வந்துட்டாருய்யா!” என்று ஒரு சத்தம்.

பைக்கில் ஏன் என்றா கேட்கிறீர்கள்? சாம்பல் காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததோடு சரி, அப்புறம் நான் எடுக்கவே இல்லை சார். பாய்க்கு வண்டி ஓடாதபோது நான் மட்டும் அவருடைய வண்டியை ஓட்டினால் எப்படி? வாசலிலேயே நின்றது. அப்பாவும் ஏறவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், “நடந்தா உடம்புக்கு நல்லது” என்று சொல்லிக்கொண்டு நடந்துபோனார்.

மூன்றாம் தடவை பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. “தம்பி, கோவிச்சுக்காதீங்க. பாக்கெட்ல ரிமோட் கிமோட் வச்சிருக்கீங்களா?”

பாக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டினேன். போனைக் கொடுத்தேன். வாட்சைக் கழற்றினேன். செருப்பையும் விட்டேன். வெறும் காலோடு ஏறி, பிள்ளையாரைத் தொட்டு, திருப்பினேன். கிளம்பியது. டயர் கடைக்காரர் கை தட்டினார்.

ஸ்டீபன் வேறு ஒரு யோசனை சொன்னார். “பாய், வண்டி இவரு வாடைக்குப் பழகியிருக்கும்.”

“வண்டிக்கு ஏதுடா மூக்கு?”

“எதுக்கும் பாத்துருவோம் பாய்.”

என் சட்டையை அவர் போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நடு ரோட்டோரம் நான் பனியனோடு நிற்கிறேன், என் ஆபீஸ் சட்டை ஸ்டீபன் மேலே, பித்தானை வயிறு தள்ளுகிறது. உட்கார்ந்தார். திருப்பினார். ஒன்றும் இல்லை. நான் பனியனோடு ஏறினேன். உர்ரென்று கிளம்பியது. டீக்கடைக்காரர் கையிலிருந்த வடையை ஆட்டிக்கொண்டே குதித்தார். எனக்கே ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. இந்த வண்டி என்னை விடமாட்டேன் என்கிறதோ? நான் நாலு வருடம் மின்சாரம் படித்தவன் சார். அந்தப் படிப்பு அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அப்போது நான் பாயிடம் கேட்டேன். “பாய், வண்டில வேற ஏதாவது மாத்துனீங்களா?”

“ஒண்ணும் தொடலையே. தூசி தட்டுறப்பகூட உங்க சாமிய சுத்தித்தான் தொடச்சோம். எண்ணெய்க் கையோட யாரும் அவரத் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார். எவ்வளவு மரியாதை பாருங்கள்!

அந்த வார முடிவில், ஞாயிற்றுக்கிழமை, ஆலங்குடியிலிருந்து ஒரு கணவன் மனைவி வண்டி பார்க்க வந்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கு வெள்ளை நிறம்தான் வேண்டுமாம். பாய் போனில் கெஞ்சினார். “தம்பி, ஒரே ஒரு தடவ வந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துருங்க. மீதிய ஸ்டீபன் பாத்துக்குவான்.”

அப்பா, “நானும் வர்றேன், காத்தாட” என்று பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். அங்கே போனதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கிளப்பிக் கொடுத்தேன். அவர்கள் ஏறிப் பார்த்தார்கள், இறங்கிப் பார்த்தார்கள், திருப்தி. அந்த அம்மா போகிறபோக்கில் என்னிடம், “நல்ல வண்டியா தம்பி?” என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கும்பிட்டார்.

நான் என்ன செய்வேன் சார்? “நல்ல வண்டிதான் அக்கா. ஆனா எங்க வீட்டு ஆளுங்க கைக்கு மட்டும்தான் கிளம்பும்” என்றேன்.

அந்த அம்மா தன் புருஷன் கையைப் பிடித்தார். “ஏங்க, இதுல எதுவும் இருக்குமோ?”

“எதுவும்னா?”

“எதுவும்னா எதுவும்தான். வாங்க போவோம்.”

போயே போய்விட்டார்கள். ஸ்டீபன் வண்டியை அணைத்துவிட்டு மறுபடியும் பானெட்டைத் திறந்தார். பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு வெடித்தார்.

“தம்பி, கண்ணாடி சரியில்லன்னு சொன்னே, வாந்தி கறைய சொன்னே, எல்லாம் சொன்னே. சின்னக் குத்தத்த எல்லாம் சொல்லி என்னை நம்ப வச்சு, பெரிய குத்தத்த மறச்சுட்டே! கள்ளன்கூட நேரா வருவான். நீ உண்மையச் சொல்லியே ஏமாத்திட்டியேப்பா!”

சார், அதைக் கேட்டதும் என் காது அடைத்துவிட்டது. அத்தனை பேர் நிற்கிறார்கள். டயர் கடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். என்னை யாரும் முட்டாள் என்று சொல்லலாம், பயந்தாங்கொள்ளி என்று சொல்லலாம், ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. எங்கள் தெருவில் கடைக்குச் சின்னப் பிள்ளையை அனுப்பினால் என்னோடு அனுப்புவார்கள். அந்த ஒரு பெயர்தான் நான் சம்பாதித்தது. “பாய், நான் எதையும் மறைக்கல” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“வாயால சொல்லாத. ஏறு வண்டில. உங்க சாமிமேல கைய வச்சு சத்தியம் பண்ணு!”

“பண்றேன்!”

அவர் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் ஏறினேன். அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை, சாவியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். “இந்தா பாரு, கிளம்புதா? இந்தா பாரு, கிளம்புதா?” சத்தமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையார் தலையில் கையை அழுத்தி வைத்து, “இந்தப் பிள்ளையார் சத்தியமா, இந்த வண்டியில நான் மறைச்ச குத்தம்...” என்று ஆரம்பித்தேன்.

வண்டி உறுமியது.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த ஸ்டீபன், “யேசப்பா!” என்று இரண்டடி பின்னால் பாய்ந்தார். பாய் சாவியிலிருந்து கையை எடுத்து, சுட்டுவிட்டது மாதிரி உதறினார். நான் கண்ணைத் திறந்தேன். சாவி அவர் பக்கம், நான் இந்தப் பக்கம், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

பாய்தான் மெதுவாக வண்டியை அணைத்தார்.

“தம்பி, கைய எடு.”

எடுத்தேன். திருப்பினார். ஒன்றும் இல்லை.

“வையி.”

வைத்தேன். உறுமியது.

“எடு.” ஒன்றும் இல்லை. “வையி.” உறுமியது. கூட்டமே சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது சார். “எடு! வையி! எடு! வையி!” தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி ஒரு தாளம். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“எடுத்துப் பாக்கலாமா தம்பி? உங்க சாமி, நீங்கதான் சொல்லணும்” என்றார் பாய். நானே பிள்ளையாரைத் தூக்கினேன். அடியில் ஒரு சின்னப் பொத்தான். அதிலிருந்து இரண்டு ஒயர் டேஷ்போர்டுக்குள் போகிறது. பிள்ளையார் அமுங்கினால் பொத்தான் அமுங்கும், பொத்தான் அமுங்கினால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். திருடனுக்காக வைத்த ரகசிய ஸ்விட்ச். நான் படித்த படிப்பில் இது முதல் மாதத்துப் பாடம் சார். சொன்னேனே, சிரிப்பீர்கள் என்று.

டீக்கடையிலிருந்து அப்பா கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, சாவகாசமாக ரோட்டைத் தாண்டி வந்தார். பார்த்தார். “அட, அதுவா? சுத்தமா மறந்தே போச்சே!” என்றார். வேளாங்கண்ணிக்குச் சவாரி போனபோது, தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தானாம். அதற்கப்புறம் வைத்ததாம்.

“என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“உன்கிட்டயா? கேட்டவன், கேக்காதவன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துருவே. அப்புறம் ரகசியம் என்னத்துக்கு?”

பாய் நிம்மதியாக மூச்சு விட்டார். “சரி தம்பி, நான் பேசுனத மறந்துருங்க. குத்தம் தெரிஞ்சு போச்சு. ஸ்விட்ச்ச எடுத்துட்டா வண்டி தங்கம். நான் வச்சுக்குறேன், நீங்க அந்த வண்டிய வச்சுக்கங்க.”

எப்படி சார் முடியும்? மறைத்த குற்றம் எதுவும் இல்லை என்று பிள்ளையார் தலையிலேயே கை வைத்துச் சொன்னேன். குற்றம் அந்தக் கைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது! நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லைதான், வண்டி கிளம்பிவிட்டது. ஆனாலும் மனசுக்கு ஒப்பவில்லை. “இல்ல பாய். குத்தம் சொல்லாம குடுத்தது குடுத்ததுதான். ஒரு வாரம்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க வண்டிய நான் சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன். எங்க வண்டிய நாங்களே எடுத்துக்குறோம். மாத்துன பேட்டரி, மோட்டார் செலவையும் நானே குடுத்துர்றேன்.”

“தம்பி, வேணாம்ங்கிறேன். எனக்கு இந்த வண்டி வேணும்.”

“முடியாது பாய். அப்பா, நீங்க சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் அப்பா இல்லை. அவர் ஏற்கெனவே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளையாரைப் பழைய இடத்தில் பொருத்திவிட்டு, பெல்ட்டைத் தட்டி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் பெல்ட் போட்டு நான் பார்த்ததே இல்லை.

பாய் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டயர் அடுக்கில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “அடைக்கலம் அண்ணே, நீங்க பெரிய ஆளுண்ணே! புள்ளையாரையும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க, பெத்த புள்ளையையும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க!”

“நமக்கு என்ன பாய் தெரியும்? மறதி” என்றார் அப்பா. வண்டியைக் கிளப்பினார். வீடு வரை விசில் அடித்துக்கொண்டே போனார். நான் பின்னால் பைக்கில் போனேன். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடித்தது.

பாய் எதற்கு அப்படிச் சிரித்தார் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. வியாபாரம் போய்விட்டது, ஒரு வாரம் வீண், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அப்பா பாவம், வயதாகிறது, மறந்துவிட்டார். இப்போது அவரை நான்தான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறேன். ஏர்பேக் வேண்டும் என்கிற பேச்சையே எடுப்பதில்லை. இன்னொரு கடைக்குப் போனால் என்ன ஆகுமோ, அப்பா இன்னும் என்னென்ன மறந்திருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்?

என்ன சார் நீங்களும் சிரிக்கிறீர்கள்? நைனா பாய் மாதிரியே சிரிக்கிறீர்களே!

சரி, திருச்சி வந்துவிட்டது. இங்கேயே இறக்கிவிடட்டுமா? இடது பக்கம் ஒடிக்கிறேன், ஹாரன் அடிக்கும், பயப்படாதீர்கள். ஆம், அவர் நம்மைத்தான் திட்டுகிறார், கண்டுகொள்ளாதீர்கள். ஐயோ, வண்டி நின்றுவிட்டது. ஒரு உதவி செய்யுங்கள் சார், பிள்ளையார் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு கை வையுங்கள். பார்த்தீர்களா? உங்கள் கைக்கும் கிளம்புகிறது.

இறங்குவதற்கு முன்னால் ஒன்று. இந்த ஸ்விட்ச் விஷயத்தை வெளியில் சொல்லிவிடாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவார். நான் யாரிடமும் சொல்வதில்லை சார். போன வாரம் உங்களை மாதிரி ஏறிய ஒரு டீச்சரம்மாவும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அதற்கு முந்தின வாரம் ஏறிய போலீஸ்காரரும் அப்படித்தான்.